பல்லும் தளமும் ஒன்றாக: தலைமை உரை

பல் மருத்துவர்களே, வேதியியல் பேராசிரியர்களே, பல் செட் லேப்களில் உழைக்கும் டெக்னீஷியன் நண்பர்களே, மாணவச் செல்வங்களே! மும்பை திலக் நகரில் நடைபெறும் இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்கும் வாய்ப்பளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

இந்த மாநகரில் 1933ஆம் ஆண்டு இரண்டு கல்வி நிறுவனங்கள் தோன்றின. ஒன்று நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரி. மற்றொன்று, இன்று மாட்டுங்காவில் இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி என்ற பெயரில் இயங்கும் நிறுவனம். வாயை அறிந்தவர்களும் பாலிமரை அறிந்தவர்களும் ஒரே ஊரில் இருந்தும், பல் செட்டில் பல் கழன்று விழுவது இன்னும் நின்றபாடில்லை. தாராவியில் தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு முன்பல் கழன்றால் ஒரு நாள் கூலி போயிற்று. நாலு பேர் முன்னே வாய் திறந்து பேசவும் கூச்சம்.

1930களின் இறுதியில் அக்ரிலிக் வந்தபோது இந்தக் குறை தீரும் என்றே எதிர்பார்த்தார்கள். அதற்கு முன் வல்கனைட் ரப்பர் தளத்தில் பீங்கான் பற்களை ஊசியாலும் துளையாலும் மாட்டி வைத்தார்கள். அக்ரிலிக்கில் பல்லும் தளமும் ஒரே இனம். மாவுப் பதத்தில் உள்ள பிசினின் மோனோமர் பல்லின் அடிப்பகுதியை ஊறவைத்து உள்ளே புகுகிறது. வெப்பத்தில் அங்கேயே சங்கிலியாகி, பல்லின் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கிறது. நல்ல பிணைப்பு என்பது இதுதான்.

கழன்ற பல்லைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பிசின் ஒட்டியிருந்தால் பிணைப்பு தாங்கியது, பொருள்தான் உடைந்தது. வழவழவென்று வெறுமையாக இருந்தால் பிணைப்பே ஏற்படவில்லை. பெரும்பாலும் காரணம் சரியாகக் கொதிநீரில் கழுவாமல் விட்ட மெழுகுப் படலம், அல்லது அச்சில் பிசின் ஒட்டாமலிருக்கப் பூசும்போது பல்லின் மேல் வழிந்த கோல்டு மோல்டு சீல். தேயாமலிருக்கக் குறுக்குப் பிணைப்பு அதிகம் சேர்த்த பற்களில் மோனோமர் எளிதில் புகாது என்பது இன்னொரு காரணம்.

பழைய சுவரில் பூச்சு வேலை செய்யும் கொத்தனார் முதலில் சுவரைக் கொத்தி, தண்ணீர் தெளித்த பிறகே கலவையை அப்புவார். நமக்கும் அதே முறைதான்: பல்லின் அடியைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவது, மோனோமரால் ஈரமாக்குவது. தளத்தைச் சரிசெய்யும்போது உடைந்த முகப்பை மூன்று நிமிடம் மோனோமரில் நனைத்தால் வலிமை கூடுகிறது என்று பின்லாந்தின் பெக்கா வல்லித்து குழுவினர் 1994இல் காட்டினர். செலவில்லாத வேலை, பொறுமைதான் வேண்டும்.

இனம் மாறினால் சிக்கல் பெரிது. ஈறு நோகும் முதியவர்களுக்கு வைக்கும் சிலிக்கோன் மெத்தை அக்ரிலிக்கோடு தானாகச் சேராது. இடையே பிரைமர் தேவை. ஃபிளெக்சிபிள் செட்டின் நைலான் பல்லோடு வேதிப்பிணைப்பு கொள்ளாது. பல்லில் துளையிட்டுத்தான் பிடிக்கவைக்கிறோம். முப்பரிமாண அச்சில் வரும் செட்டுகளில் பல்லையும் தளத்தையும் தனித்தனியே அச்சிட்டு ஒட்டும்போது இதே கேள்வி மறுபடி எழுகிறது. ஆய்வு மாணவர்கள் கைவைக்க வேண்டிய களம் இதுவே.

ஒட்டிய மறுநாள் சோதித்து வலிமை என்று எழுதிவிடாதீர்கள். வாயில் எச்சிலும், சூடான டீயும், குளிர்ந்த நீரும் மாறி மாறிப் படும். பல மாதம் மெல்ல வேண்டும். நீரில் ஊறவைத்து, வெப்பத்தையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுத்த பின் வரும் எண்ணையே நம்புங்கள்.

மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள்: கழன்ற பற்களைக் குப்பையில் போடாமல், எங்கே பிரிந்தது என்று குறித்துவைத்து ஆய்வகங்களுக்குக் கொடுங்கள். ஆய்வாளர்கள் அந்த முடிவை லேப் மேசையில் வேலை செய்பவருக்கு அவர் மொழியிலேயே சொல்லிக் கொடுங்கள். மூவரும் சேர்ந்தால்தான் இந்தக் குறை தீரும். இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.