ஹலோவீன் விழாவின் பூர்வீகம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒவ்வோராண்டும் ஒக்டோபர் மாதம் 31ஆந் திகதி இரவில், பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாயிலில் வைப்பதும், சிறுவர் பேய்வேடம் பூண்டு வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்பதும் அமெரிக்காவிலே பெருவழக்கு. ஹலோவீன் என்னும் இவ்விழாவைப் பற்றி இருவகைக் கூற்றுக்கள் உலவுகின்றன. இது அஞ்ஞானிகளின் பிசாசு வணக்கம், ஆகையால் விலக்கத்தக்கது என்பர் ஒருசாரார். இது பழஞ் சமயத்தாரின் திருநாள், திருச்சபை இதனைக் கவர்ந்து பெயரை மாற்றிக்கொண்டது என்பர் மறுசாரார். விழாவின் மூலம் கிறித்து சமயத்துக்கு முற்பட்டது என்பதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர். ஒருவர் அதனை வசையாகச் சொல்கிறார். மற்றவர் பெருமையாகச் சொல்கிறார். அது எத்துணைத் தூரம் மெய் என்று ஆராய்வதே இன்றைய எனது பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். கிறித்தவரல்லாத பழஞ் சமயத்தாரை ஐரோப்பியர் 'பேகன்' என்பர். இலத்தீன் மொழியில் 'பகானுஸ்' என்பதற்கு நாட்டுப்புறத்தான் என்பது பழம் பொருள். அதே கருத்துக்குத் தமிழ்க் கிறித்தவ நூலார் எடுத்தாண்ட சொல் 'அஞ்ஞானி' என்பது. நம் முன்னோரையும் அச்சொல்லாலேயே சுட்டினர். எனவே இப்பொருள் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பிறர் நம்மை அறியாது பேசியபோது நாம் எதை எதிர்பார்த்தோமோ, அந்த நியாயத்தை நாமும் பிறருக்கு வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இனி அயர்லாந்துக்குச் செல்வோம். பண்டை ஐரிஷ் மக்கள் ஆண்டிலே நான்கு பெருநாட்களைக் கொண்டாடினர். அவற்றுள் நவம்பர் முதலாந் திகதியில் வருவது சௌவின். இன்றும் ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு அதுவே பெயர். அவர்கள் மாடு வளர்த்து வாழ்ந்தவர்கள். கோடையில் மேட்டுநிலப் புல்வெளிகளிலே மேய்ந்த மந்தைகள், குளிர் தொடங்குமுன் வீடு திரும்பும். பனிக்காலம் முழுவதும் எல்லா மாடுகளுக்கும் தீனி போதாது. ஆகவே தேவைக்கு மிஞ்சியவற்றைக் கொன்று இறைச்சியைச் சேமித்தனர். ஊர் கூடியது, விருந்து நடந்தது, தீ வளர்க்கப்பட்டது. வெளிச்சமும் பசுமையும் ஒழிந்து இருள் ஆளத் தொடங்கும் வாயிலிலே நின்ற மக்கள் அந்த இரவை அஞ்சியதில் வியப்பென்ன?

அந்த அச்சத்தைப் பழைய ஐரிஷ் கதைகளிற் காணலாம். சௌவின் இரவிலே மண்மேடுகள் திறக்கும். அவற்றுள் வாழும் மறுவுலகத்தார் வெளிவருவர் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நேரா என்னும் வீரன், குரூஹன் என்ற இடத்திலே ஒரு குகைவழியாக அவ்வுலகினுட் புகுந்தான். தான் அங்கே சென்று வந்ததை அரசனுக்கு எங்ஙனம் நிரூபிப்பது? குளிர்காலம் தொடங்கிய அந்நாளிலே, கோடைகாலச் செடிகளையும் மலர்களையும் அவன் கையிலே கொண்டுவந்தான். பனிநாட்டு மக்களுக்கு இதைவிடப் பெரிய அதிசயம் வேறென்ன இருக்க முடியும்!

சௌவின் என்பது கட்டுக்கதையன்று, மெய்யான பெருநாளே என்பது இதனால் விளங்கும். ஆனால், இக்கதைகளை எழுதியவர் யார்? பழஞ் சமயத்தார் தம் வழிபாட்டைப் பற்றி எதையும் எழுதி வைக்கவில்லை. கிறித்தவ மடங்களிலே வாழ்ந்த துறவிகளே தம் மக்களின் கதைகளை ஏட்டில் ஏற்றினர். இன்று கிடைக்கும் ஏடுகளில் மிகப் பழையவை 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்தவை. அத்துறவிகள் எழுதாதிருந்தால் இக்கதைகள் நமக்கு எட்டியிரா. அவர்கள் விருந்தையும் போரையும் மாயத்தையும் விரித்துரைக்கின்றனர். பூசையையோ மந்திரத்தையோ, இறந்த முன்னோர்க்குச் செய்த சடங்கையோ விரித்துரைக்கவில்லை.

அப்படியாயின் இறந்தோர் நினைவு இவ்விழாவிலே எங்ஙனம் புகுந்தது? அதற்கு விடை விழாவின் பெயரிலேயே உள்ளது. ஹலோவீன் என்றால் சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்திய மாலை என்பது பொருள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நான்காம் பொனிபாசு என்னும் பாப்பரசர் றோமாபுரியின் பழைய பந்தியன் கோவிலை மரியன்னைக்கும் வேதசாட்சிகளுக்கும் உரிய ஆலயமாக்கினார். அதன் நினைவுநாள் மே மாதம் 13ஆந் திகதி. அடுத்த நூற்றாண்டிலே மூன்றாம் கிரகோரியார் பரிசுத்தவான்கள் அனைவருக்குமாக ஒரு சிற்றாலயத்தை நிறுவினார். 835ஆம் ஆண்டளவில் நவம்பர் முதலாந் திகதித் திருநாள் பிராங்கியப் பேரரசெங்கும் பரவியது. 1000ஆம் ஆண்டையொட்டி, குளூனி மடத்து அதிபர் ஒடிலோ மறுநாளாகிய நவம்பர் 2ஆந் திகதியை, உத்தரிக்கிற ஸ்தலத்திலே வருந்தும் ஆத்துமாக்களுக்காக மன்றாடும் நாளாக்கினார். ஏழைகள் வீடுவீடாகச் சென்று அப்பம் பெற்று, அதற்கு ஈடாக அவ்வீட்டில் இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கமும் இந்நாட்களை ஒட்டியே வளர்ந்தது.

சௌவினை ஒழிக்கவே திருச்சபை நவம்பர் முதலாந் திகதியைத் தெரிந்தெடுத்தது என்று பலர் எழுதுவர். இங்கே ஒரு தடை உண்டு. 800ஆம் ஆண்டளவில் அயர்லாந்துத் திருச்சபை சகல பரிசுத்தவான்கள் திருநாளைக் கொண்டாடியது ஏப்பிரல் மாதம் 20ஆந் திகதியிலே. நவம்பர் நாளை முன்னதாக ஏற்றவை இங்கிலாந்தும் ஜேர்மானிய நாடுகளுமாம். சௌவினைக் குறிவைத்திருந்தால் அது அயர்லாந்திலன்றோ முதலில் தொடங்கியிருக்கவேண்டும்? இத்தடையை எடுத்துக்காட்டியவர்களுள் ஆங்கில வரலாற்றாசிரியர் றொனால்ட் ஹற்றன் குறிப்பிடத்தக்கவர்.

திருச்சபை பிறர் விழாக்களைத் தன்வயமாக்கியதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 601ஆம் ஆண்டிலே முதலாம் கிரகோரியார் இங்கிலாந்துப் பணிக்குப் புறப்பட்ட மெலிற்றஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் இன்றும் உளது. கோவில்களை இடிக்கவேண்டாம், விக்கிரகங்களை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்து ஆலயமாக்குக, மாடு பலியிடும் வழக்கத்தை விருந்தாக மாற்றுக என்பது அதன் சாரம். ஆகவே அத்தகைய கொள்கை இருந்தது மெய். ஆனால் ஓரிடத்தில் நிகழ்ந்தது எங்கும் நிகழ்ந்தது என்று கொள்வது வழக்கறிஞர் வாதமாகலாம், வரலாறாகாது.

பின்வந்தோர் கற்பனைகளும் பல. சௌவின் என்பது மரணதேவதையின் பெயர் என்றொரு கதையை 18ஆம் நூற்றாண்டிலே சார்ள்ஸ் வலன்சி பரப்பினார். அப்படியொரு தெய்வம் பழைய ஏடுகளில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் றீஸ், சௌவினே கெல்றியரின் புத்தாண்டு என்றார். ஜேம்ஸ் பிறேசர் அது இறந்தோர் திருநாள் என்றார். இருவரும் பெரும் புலவர்களே. எனினும் அவர்கள் பிற்கால வழக்கங்களைக் கண்டு முற்காலத்தை ஊகித்தனர். அந்த ஊகங்களே இன்று உண்மைகளாக உலா வருகின்றன.

அமெரிக்காவின் பூசணி விளக்கோ மிகப் பிந்தியது. அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்தே விளக்குச் செய்தனர். 1845ஆம் ஆண்டிலே உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனால் விளைந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். அதற்குக் குறையாதோர் கடல் கடந்தனர். சென்றோர் தம் வழக்கத்தையும் உடன் கொண்டுசென்றனர். புதிய நாட்டிலே பெரிதும் எளிதிற் குடையத்தக்கதுமான பூசணி அவர்களுக்குக் கிடைத்தது. பசிக்குத் தப்பி ஓடிய ஏழைகளின் நினைவும் அந்த விளக்கினுள் எரிகின்றது என்பதை மறத்தலாகாது.

சகோதரர்களே, எனது முடிவு இது. தீயும், விருந்தும், மறுவுலகத்தார் உலாவும் இரவு என்ற அச்சமும் சௌவினிலிருந்து வந்தன எனலாம். விழாவின் பெயரும், இறந்தோர் நினைவும் திருச்சபையின் கொடை எனத் தோன்றுகின்றன. பூசணியும் இனிப்பும் அமெரிக்கா தந்தவை. மூன்று ஊற்றுக்கள் கலந்த ஆற்றை ஓர் ஊற்றின் பெயரால் மட்டும் அழைப்பது முறையன்று.

நமக்கும் ஓர் ஆசை எழலாம். புரட்டாதியில் மாளயம், அடுத்து ஐப்பசியில் தீபாவளி. பிதிர்களும் விளக்கும் இங்கும் உள. ஆகவே இவ்விழா பாரதத்திலிருந்தே சென்றது என்று மேடையேறி முழங்கினாற் கைதட்டுக் கிடைக்கும். ஒப்புமையைக் கண்டு மகிழலாம். உறவு கொண்டாடுவதற்குச் சான்று வேண்டும். பொழுது சுருங்குங் காலத்தில் விளக்கேற்றவும், போனவரை நினைக்கவும் மனிதனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்த மாடு மேய்த்த மக்கள் பிசாசை வணங்கியவருமல்லர். நாம் இழந்துவிட்ட ஞானமனைத்தையும் மறைத்து வைத்திருந்தவருமல்லர். குளிருக்கு அஞ்சி, தீ வளர்த்து, மிஞ்சிய மந்தையை எண்ணிப் பார்த்த மனிதர். அவர்களை அவ்வாறே காண்பதுதான் நாம் அவர்களுக்குச் செய்யத்தக்க மரியாதை.