செவி மருத்துவமும் செலவு வேற்றுமையும்

(யானைக்கவுனியில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐம்பொறிகளுள் செவியின் பெருமையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தனர். அத்தகைய செவி பழுதுறுங்கால் நம்மவர் பெரிதும் மயங்குவது செலவைப் பற்றியேயாம். "ஓரிடத்திற் காசின்றிச் செய்கின்றனர், மற்றோரிடத்தில் ஆயிரக்கணக்கிற் கேட்கின்றனர், வேறோரிடத்தில் இலட்சம் என்கின்றனர், எது நியாயம்?" என வினவுகின்றனர்.

காது ஆபரேஷன் என்று நாம் வழங்கும் இரண சிகிச்சை ஒன்றன்று, பல. செவிப்பறையின் துளையை அடைக்க, நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த மெல்லிய சவ்வு போதும். சீழ் காதின் பின்னெலும்பிற் பரவியிருப்பின், அதனைக் குடைந்து தூய்மை செய்தற்கு நேரமும் நுட்பமும் மிகுதியாக வேண்டும். உள்ளிருக்கும் அங்கவடி எலும்பு இறுகியவிடத்துப் பிஸ்டன் என்னும் சிறு செயற்கை உறுப்பைப் பொருத்துவர். உட்செவி பயன்படாது பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி வேண்டப்படலாம். அது பெரும்பாலும் அயல்நாட்டிலிருந்து வருவது. கருவியின் விலையே பல இலட்சமாகும். ஆதலின், இருவர் செலவை ஒப்பிடுமுன் இருவர் நோயும் ஒன்றேயா என நோக்குதல் வேண்டும்.

நோய் ஒன்றேயாயினும் செலவு வேறுபடுதல் ஏன்? நமக்குத் தெற்கே 1664-இல் தோன்றிய பொது மருத்துவமனையும், வடக்கே 1938-இல் கல்லூரியாக உயர்ந்த ஸ்டான்லியும் உள்ளன. ஆங்கு மருத்துவர் சம்பளமும், கட்டடமும், கருவிகளும் அரசாங்கப் பொக்கிஷத்தைச் சார்ந்தவை. தனியார் மருத்துவமனையிலோ மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து, மைக்ராஸ்கோப்பு, ஸ்கேன், அறை வாடகை யாவும் நோயாளியின் பில்லிலேயே ஏறும். தனியறை கொள்வார்க்கும் பொது வார்டில் தங்குவார்க்கும் தொகை வேறாதல் இயல்பே. ஆகவே மிகுந்த விலை மிகுந்த திறமைக்குச் சான்றன்று. குறைந்த விலை குறைந்த திறமைக்கும் சான்றன்று.

இனி, பணத்தினும் அரியதொன்றுண்டு; அது காலம். பேச்சு கேள்வியின் வழியே வருவது. செவிடாய்ப் பிறந்த குழந்தைக்கு இளமையிலேயே ஒலி எட்டாவிடின், பின்னர் எத்துணை செலவிடினும் மொழி முழுதும் கைகூடுதல் அரிது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் தொடங்கியது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகட்குக் காக்ளியர் சிகிச்சைக்கு இடந்தருகிறது. அதற்குரிய ஆண்டு வருமான வரம்பு 2022-இல் ரூ. 72,000-லிருந்து ரூ. 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. திட்டத்திற் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் வரையறுத்த தொகைக்கே சிகிச்சை செய்கின்றன. இதனை அறியாது வட்டிக்குக் கடன் வாங்குவதும், பணம் சேரட்டும் என்று ஆண்டுகளைக் கழிப்பதும் குழந்தைக்கு இழைக்கும் தீங்காகும். கருவி பொருத்தியதோடு வேலை முடியாது. பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் வேண்டும்.

துறைமுகத்திலும் பட்டறைகளிலும் பேரிரைச்சலில் நெடுநாள் உழைத்தோர் இழந்த கேள்வியோ பெரும்பாலும் இரண சிகிச்சையால் மீள்வதன்று; காதிலணியும் கருவியே துணை. ஆகவே எவரேனும் "ஆபரேஷனாற் குணமாகும்" என்பின், முதலில் கேள்விச் சோதனை செய்து, செவியின் எப்பகுதி பழுது என அறிதல் வேண்டும்.

மருத்துவமனை செல்வோர் நான்கு வினாக்களை மறவாது கேட்க. நோய் யாது, சிகிச்சை யாது? கூறிய தொகையுள் சோதனை, மருந்து, அறை, பின்வரும் பரிசோதனைகள் அடங்குமா? கருவியாயின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பின்னர் மாற்றும் பாகங்களின் விலை யாது? காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா? விடையை எழுத்தில் பெறுக. கூடுமாயின் வேறொரு செவி மருத்துவரிடமும் கருத்துக் கேட்க.

நம் சங்கத்து இளைஞர் சிலர், குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் பெற உதவவும், எழுதப் படிக்க அறியாத தாய்மாருடன் மருத்துவமனைக்குச் செல்லவும் முன்வருவரேல், அதனினும் சிறந்த தொண்டு பிறிதில்லை. குழந்தையொன்று தாயின் குரலைக் கேட்கச் செய்வதன்றோ அப்பணி!