விடுதி அறையில் மது பாட்டில்

(அகமதாபாத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலிக்காரன் மகனும் இன்று கல்லூரி விடுதியில் இடம் பிடித்திருக்கிறான். அறைத் தோழன் பெட்டியில் மது பாட்டில் வைத்திருந்தால் நம் பிள்ளை என்ன செய்வது? பெற்றோர் பலர் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் அரசே டாஸ்மாக் கடை நடத்துகிறது. குஜராத்தில் நிலைமை வேறு. 1949-ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம், 1960-இல் இம்மாநிலம் பிரிந்த பின்னும் இங்கே தொடர்கிறது. பர்மிட் இல்லாமல் குடிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். 2023 டிசம்பரில் காந்திநகர் பக்கத்துக் கிஃப்ட் சிட்டியில் கம்பெனி ஊழியர்க்கும் விருந்தினர்க்கும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். நம் பிள்ளையின் விடுதி அறைக்கு அந்தச் சலுகை கிடையாது!

சோதனை வந்தால் அறையில் இருக்கும் எல்லோரையும்தான் விசாரிப்பார்கள். வக்கீல் வைக்க வசதியுள்ளவன் தப்பிவிடுவான். நம் பிள்ளை படிப்பை இழப்பான்.

ஆகவே, முதலில் நண்பனிடம் தனியாகச் சொல்லட்டும்: "இது உனக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. அறையில் வேண்டாம்." கேட்காவிட்டால், வேறு அறை கேட்டு வார்டனிடம் மனுக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கட்டும். ஒருநாள்கூட அந்தப் பாட்டிலைத் தன் பெட்டியில் வைக்கச் சம்மதிக்கக் கூடாது. அவனைப் போலீசில் மாட்டிவிடுவது நம் நோக்கமல்ல. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

பெற்றோரே! உண்மை சொல்லும் பிள்ளையை, "நீயும் குடித்தாயா?" என்று அடிக்காதீர்கள். அடுத்த தடவை சொல்லமாட்டான். மனு எழுதச் சங்கத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், வார்டனிடம் கூடவே வருகிறோம்.