வந்தவர் எத்தனை, தேறியவர் எத்தனை?



இளைஞர் மனநலத் திட்ட அறிக்கைகளில் “இத்தனை பேர் வந்தார்கள்” என்றிருக்கும். வந்தவர்கள் தேறினார்களா?

லண்டன் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட 25 கேள்விகள் தமிழிலும் உண்டு. சிகிச்சைக்கு முன்பும், சில மாதம் கழித்தும் கேட்கலாம். சிரமங்களுக்கான மதிப்பெண் குறைந்தால் நல்லது.

உடனே கை தட்டிடாதீங்க! கஷ்டம் முற்றியபோதுதான் பிள்ளைகள் வருகிறார்கள். சிலருக்கு அது தானாகவே தணியும். ஆகவே, சிகிச்சைக்குக் காத்திருப்போரோடு ஒப்பிட வேண்டும்.

பாதியில் நின்றவர்களையும் விடக்கூடாது. அவர்களை விட்டுவிட்டு எண்ணினால் நம்ம அறிக்கைதான் தேறும். நாளை இப்பணிக்கு வருவோர், “ஏம்ப்பா வரலை?” என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அந்தப் பதிலையும் எழுதி வையுங்கள்.