படியில் வழுக்கி விழுந்தவர்



ஆஸ்பத்திரிக்கு ஒரு அம்மா வர்றாங்க. கன்னம் வீங்கியிருக்கு. "எப்படிம்மா ஆச்சு?"ன்னு டாக்டர் கேட்கிறார். "படியில வழுக்கி விழுந்துட்டா டாக்டர்!" பதில் சொன்னது அந்த அம்மா இல்லை, பக்கத்துல நிக்கிற வீட்டுக்காரர்.

விவரம் தெரிஞ்ச நர்ஸ், கையில ஒரு சீட்டைக் கொடுத்து அவரை மருந்து வாங்க அனுப்பிடுவாங்க. தனியாக் கேட்டாத்தான் உண்மை வெளியே வரும். வீக்கம் நாலு நாள்ல வடிஞ்சிடும். ஆனா தூக்கமில்லாமை, தீராத தலைவலி, கருச்சிதைவு, மனச்சோர்வுன்னு பின்னாடியே எத்தனையோ வரலாம். இதுக்கெல்லாம் வெறும் மாத்திரையைக் கொடுத்தனுப்பி என்ன பிரயோஜனம்?

மும்பை பாந்த்ராவில பாபா மாநகராட்சி மருத்துவமனை இருக்கு. அங்கே 2000-லயே 'திலாசா'ன்னு ஒரு ஆலோசனைப் பிரிவு ஆரம்பிச்சாங்க. கட்டுப் போடற இடத்திலேயே, மனசுவிட்டுப் பேசவும் ஆள். கெட்டிக்கார யோசனை! போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கத் தயங்கறவங்களும், ஓ.பி. சீட்டு வாங்கத் தயங்க மாட்டாங்களே.

2005-ல குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. முன்கூட்டியே புகார் பதிவு பண்ணலைன்னு காரணம் காட்டி, எந்த ஆஸ்பத்திரியும் வைத்தியம் பார்க்க மறுக்கக் கூடாதுன்னு அதோட விதிகள் சொல்லுது. பரிசோதனை அறிக்கையோட நகலையும் இலவசமாத் தரணும். அதைக் கேட்டு வாங்குங்க. வீட்டு பீரோவுல வைக்காம, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட கொடுத்து வைங்க.

தமிழ்நாட்டில பெண்கள் உதவி எண் 181. ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடலாம்.