மூன்று மொழியிலும் மனசார



ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் பெயர்ப்பலகைகள் கன்னடத்துக்கு மாறிவிடும். பேச்சு அப்படிச் சட்டென்று மாறாது. ஓசூர்ப் பக்கத்திலேயே தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வரும் கூட்டத்தில் மூன்று மொழியும் காதில் விழும். அங்கே ஒருவர் "மனசார வாழ்த்துறேன்" என்றால், பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. கன்னடத்தில் அது மனசாரெ, தெலுங்கில் மனசாரா. 2009-இல் யோகராஜ் பட் இயக்கிய கன்னடப் படத்துக்கும், 2010-இல் ரவி பாபு இயக்கிய தெலுங்குப் படத்துக்கும் இதுவே தலைப்பு.

சொல்லின் உயிர் 'ஆர' என்பதில் இருக்கிறது. ஆர்தல் என்றால் நிறைதல். மனம் நிறைந்து செய்வது மனமார. கண்ணாரக் காண்பது, காதாரக் கேட்பது, வயிறார உண்பது, வாயார வாழ்த்துவது எல்லாம் இதே குடும்பம்தான். தெலுங்கர் கள்ளாரா பார்ப்பார். கன்னடர் கண்ணாரெ காண்பார். கன்னடத்தில் கையாரெ என்றும் உண்டு: தன் கையாலேயே செய்தது என்று பொருள்.

நிறைவைச் சொல்லும் சொல் ஆதலால் இதில் பாதி, கால் கிடையாது. "கொஞ்சம் மனசார" என்று யாரும் சொல்வதில்லை. "வாய்தான் சொல்லுது, மனசார சொல்லல" என்று ஒரு பாட்டி சொன்னால், அந்த வாழ்த்து அங்கேயே செல்லாமல் போய்விடும்.

'மனமறிய' வேறு. "மனசறிஞ்சு யாருக்கும் கெடுதல் செய்யல" என்பவர் தெரிந்தே செய்யவில்லை என்கிறார். கிரயப் பத்திரத்தில் வரும் "முழு மனதுடன் சம்மதித்து" என்பதும் வேறு. நிலத்தை விற்பவர் மனம் குளிர்ந்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. சம்மதித்தாரா என்பதோடு அது நின்றுவிடும்.

எழுத்தில்தான் இந்தச் சொல் அடிபடுகிறது. கல்யாண பேனர்களில் வல்லின 'ற' போட்டு "மனமாற வாழ்த்துகிறோம்" என்று அச்சிடுகிறார்கள். மனம் ஆற என்றால் துக்கம் தணிய; மனம் மாற என்றால் எண்ணம் மாற. இரண்டுமே மணமேடைக்கு ஆகாது. அடுத்த பேனருக்கு ஆர்டர் கொடுக்கும்போது, அச்சுக்குப் போகுமுன் அந்த ஓர் எழுத்தைப் பார்த்துவிடுங்கள்: மனமார, மனதார, மனசார. மூன்றுக்குமே இடையின 'ர'தான்.