கூடாரம் தைத்த கைகள்



பாஸ்கா காலத்தின் ஆறாம் வாரத்தில், திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் பிரிவிலிருந்து நமக்கு வாசகங்கள் தரப்படுகின்றன. ஊர்விட்டு ஊர் வந்த மூவரை அங்கே நாம் சந்திக்கிறோம். ஒருவர், ஏதென்சிலிருந்து கொரிந்துக்கு வந்த திருத்தூதர் பவுல். மற்ற இருவர், அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும். யூதர்கள் உரோமையைவிட்டு வெளியேற வேண்டுமென்று பேரரசர் கிளவுதியு ஆணையிட்டதால், இருந்த வீட்டை விட்டுவிட்டு வந்தவர்கள் இவர்கள். இம்மூவரும் ஒரே வீட்டில் தங்கியதற்கு லூக்கா சொல்லும் காரணம் மிக எளிமையானது. மூவருக்கும் தொழில் ஒன்றே. அது கூடாரம் செய்யும் தொழில்.

நற்செய்திப் பணிக்கென்று வீட்டையும் உறவுகளையும் விட்டு வேறு ஊர் செல்லும் எவருக்கும் இந்த வாசகம் ஆறுதல் தரும். அருள்சகோதரியோ, வேதியரோ, மறைபரப்புத் தளத்தில் குடியேறும் தம்பதியரோ, யாராக இருந்தாலும் புறப்படும்போது நெஞ்சில் ஒரு நெருப்பு இருக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகோ, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ரேஷன் அட்டையை எங்கே மாற்றுவது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பவையே முதல் கவலைகளாகின்றன. கடையில் உப்பு கேட்கக்கூட அந்த ஊர் மொழி வராமல், கைகாட்டி வாங்க வேண்டியிருக்கிறது. சமையல், துணி துவைத்தல், கணக்கு எழுதுதல் என்று நாள் கழிகிறது. இரவில் படுக்கும்போது, 'இதற்காகவா இறைவன் நம்மை அழைத்தார்?' என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை காணாமல் சோர்ந்து, திரும்பிப் போனவர்களும் உண்டு.

பவுல் கொரிந்தில் ஒன்றரை ஆண்டுகள் தங்கினார். வாரநாள்களில் தொழில் செய்தார். ஓய்வுநாள்தோறும் தொழுகைக்கூடத்தில் மக்களோடு பேசினார். வேலை எவ்வளவு இருந்தாலும் அந்த ஒரு நாளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. யாருக்கும் சுமையாக இருக்கக்கூடாது என்பதற்காக இராப்பகலாய் உழைத்ததைத் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் நினைவூட்டுகிறார். எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போதும், தமக்கும் தம்மோடு இருந்தவர்களுக்கும் தேவையானதைத் தம் கைகளே உழைத்துத் தேடின என்கிறார். அந்த உழைப்பைத் தம் அழைப்புக்குத் தடையாக அவர் எங்கும் குறை கூறவில்லை. அவர் அறிவித்த நற்செய்திக்கு அதுவே சான்றாக நின்றது.

ஆனால் வாசகம் இதோடு முடியவில்லை. மாசிதோனியாவிலிருந்து சீலாவும் திமொத்தேயுவும் வந்து சேர்ந்ததும், பவுல் இறைவார்த்தையை அறிவிப்பதிலேயே முழுமையாக ஈடுபட்டார் என்கிறார் லூக்கா. மாசிதோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் தம் குறையைப் போக்கினார்கள் என்று, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுலும் குறிப்பிடுகிறார். உதவி இல்லாதபோது ஊசியை எடுத்தார். உதவி வந்தபோது கீழே வைத்தார். இரண்டிலும் அவருக்குத் தயக்கம் இல்லை.

அன்பார்ந்தவர்களே, அன்றாட வேலையும் இறை அழைப்பும் தராசின் இரு தட்டுகள்போல் என்றும் சமமாக நிற்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். அப்படி நிற்காதபோது குற்ற உணர்வு கொள்கிறோம். பவுலின் வாழ்வு வேறொன்றைச் சொல்கிறது. கைவேலை மிகுந்திருக்கும் காலம் உண்டு. போதனை மிகுந்திருக்கும் காலமும் உண்டு. இது எந்தக் காலம் என்று செபத்தில் கேட்டறிவதே நம் கடமை.

நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. கோவாவில் பிறந்த புனித யோசேப் வாஸ், 1687ஆம் ஆண்டு மாறுவேடத்தில் இலங்கைக்குச் சென்றார். கத்தோலிக்க அருள்பணியாளர்களுக்கு டச்சுக்காரர்கள் தடை விதித்திருந்த காலம் அது. 1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிச் சென்று பராமரித்தார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். பிரசங்கம் சென்று சேராத உள்ளங்களையும் அந்தப் பணி தொட்டது. 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மீண்டும் அக்கிலா, பிரிஸ்கில்லாவைப் பார்ப்போம். பவுலோடு அவர்கள் எபேசுக்கும் குடிபெயர்ந்தார்கள். சொல்வன்மை மிக்க அப்பொல்லோவை அங்கே தங்களோடு அழைத்துக்கொண்டு, ஆண்டவரின் நெறியை இன்னும் தெளிவாக விளக்கியவர்கள் இந்தத் தம்பதியரே. அவர்கள் வீட்டில் திருச்சபை கூடியது என்றும் பவுல் எழுதுகிறார். சமையலும் தொழிலும் நடந்த அதே வீட்டில்தான் இறைமக்கள் கூடிச் செபித்தார்கள்.

இந்த வாசகம் நம் பங்கு மக்களிடமும் ஒன்று கேட்கிறது. வேறு ஊரிலிருந்து வந்து நம்மிடையே பணியாற்றும் அருள்பணியாளர், அருள்சகோதரியர், வேதியர் குடும்பம் ஆகியோரிடம் செபமும் சேவையும் எதிர்பார்க்கிறோம். அவர்கள் வீட்டில் அரிசி இருக்கிறதா, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று நாம் கேட்கிறோமா? மாசிதோனியா மக்கள் கேட்டார்கள், கொடுத்தார்கள். அதனால் கொரிந்து நகரம் நற்செய்தியை நிறைவாகக் கேட்டது. இந்த வாரம் அவர்களுடைய ஒரு சுமையையாவது நாம் சுமப்போம்.

நாசரேத்தில் தச்சராக உழைத்த ஆண்டவரே, புதிய ஊரில் உமது பெயரால் வாழ்வோரின் கைகளையும் உள்ளங்களையும் ஆசீர்வதியும். உழைக்க வேண்டிய நேரத்தில் சலிப்பின்றி உழைக்கவும், பேச வேண்டிய நேரத்தில் அச்சமின்றிப் பேசவும், அவர்களுக்குத் துணைநிற்கவும் எங்களுக்கு அருள்தாரும். ஆமென்.